மருத்துவமனைக்கு நூலகர் எதற்கு?

திருநின்றவூருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் இரண்டு கோயில்களுக்காக. ஒன்று 108 திவ்ய தேசங்களில் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயில். இன்னொன்று இருதயாலீஸ்வரர் கோயில். இரண்டாவது கோயிலின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். கையில் காசில்லாத பூசலார், கல்லும் மரமும் தச்சரும் எல்லாம் மனதுக்குள்ளேயே சேர்த்து மனதுக்குள்ளேயே ஒரு கோயில் கட்டினார். அதற்குக் குடமுழுக்கு வைத்த நாளிலேயே காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. இறைவன் மன்னனின் கனவில் வந்து, நாளைக்கு நின்றவூரில் வேலை இருக்கிறது, உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாராம்!

இதயத்துக்குள் கட்டிய கோயில் என்பதால், இதய நோய் உள்ளவர்கள் இங்கே வந்து வேண்டிக்கொள்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் வருபவர்களும் உண்டு, நல்லபடியாக முடிந்த பிறகு நன்றி சொல்ல வருபவர்களும் உண்டு. இதயத்தில் நான்கு அறைகள் இருப்பது போலவே இந்தக் கருவறையிலும் நான்கு பகுதிகள் என்று சொல்வார்கள். பக்தி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பயத்தோடு சேர்ந்து நிறைய கேள்விகளும் இருக்கும்.

உதாரணத்துக்கு, உலோக வால்வு பொருத்திய ஒருவரை எடுத்துக்கொள்வோம். வால்வில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க அவர் வாழ்நாள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். வார்ஃபரின், அசிட்ரோம் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை. வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், "கீரையே தொடக்கூடாதாம்". சித்தப்பா சொல்வார், "ரத்தம் ஊறணும்னா முருங்கைக் கீரைதான்". வாட்ஸ்அப்பில் மூன்றாவதாக ஒன்று வரும். இதில் எது சரி?

டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் வெளியே அறுபது டோக்கன் காத்திருக்கிறது. அவருக்குக் கிடைப்பது மூன்று நிமிடம், அதில் ஐ.என்.ஆர். பார்த்து மாத்திரையின் அளவை மாற்றி எழுதவே நேரம் சரியாகப் போய்விடும். கீரை விஷயம் அப்படியே நின்றுவிடும்.

சரி, நோயாளிக்குச் சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேட்கிறார். டாக்டருக்கே சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பார்? பெரிய டாக்டரை என்று சொல்லலாம். பெரிய டாக்டருக்கு வந்தால்?

புத்தகத்தைப் பார்ப்பார், பத்திரிகையைப் பார்ப்பார், இப்போது கம்ப்யூட்டரைப் பார்ப்பார். பப்மெட் என்ற இணையக் களஞ்சியத்தில் மட்டும் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மருத்துவக் கட்டுரைகளின் விவரங்கள் இருக்கின்றன. அதில் தமக்கு வேண்டிய நான்கைந்தை எடுப்பது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. இந்தத் தேடலையே தொழிலாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் மருத்துவ நூலகர்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் அப்படி ஒருவரைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பார்த்திருந்தாலும், புத்தகம் வாங்கி வைத்துப் பூட்டுகிறவர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தேடுவதில் என்ன பெரிய கம்பசூத்திரம், கூகுளில் போட்டால் வந்துவிடாதா என்று கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள் எலன் ரோச் என்ற பெண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலன் ரோச்சுக்கு வயது 24. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்துமா மையத்தில் ஆய்வக உதவியாளராக வேலை பார்த்தவர். எந்த நோயும் இல்லாதவர். ஆஸ்துமா இல்லாதவர்களின் நுரையீரல் எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று அறிய அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதற்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தார். முழுவதும் முடித்தால் கிடைக்க இருந்த தொகை 365 டாலர். 2001 மே மாதம் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை அவரை முகரச் செய்தார்கள். அடுத்த நாளே இருமல் தொடங்கியது. பிறகு மூச்சுத்திணறல், பிறகு நுரையீரல் செயலிழப்பு. ஜூன் 2ஆம் தேதி இறந்துவிட்டார்.

ஹெக்ஸாமெத்தோனியம் புது மருந்து கிடையாது. 1950களில் ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்து, பிறகு கைவிட்ட பழைய மருந்து. அது நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்று அந்த 1950களிலேயே மருத்துவப் பத்திரிகைகளில் எழுதியிருந்தார்கள். அப்படியென்றால் ஆராய்ச்சியாளர் பார்க்கவில்லையா? பார்த்தார். பப்மெட்டிலும் தேடினார், பாடப் புத்தகத்தையும் புரட்டினார். ஆனால் அன்றைக்கு பப்மெட்டில் இருந்தவை 1966இலிருந்து வந்த கட்டுரைகள்தான்! அதற்கு முந்தையவை அச்சிட்ட தடித்தடியான அட்டவணைத் தொகுதிகளில், நூலக அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் "இல்லை" என்று சொன்னதை உலகத்திலேயே இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவர் இறந்த பிறகு தேடியபோது அந்தப் பழைய கட்டுரைகள் கிடைத்துவிட்டன. அதுதான் மனதை அறுக்கிற இடம். அறிவு இருந்தது, எழுதி வைத்தும் இருந்தது. ஆறு மாதம் கழித்து வேறு யாரோ புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் என்றால் விதி என்று விட்டுவிடலாம். இது நாற்பது ஐம்பது வருடமாக அலமாரியில் இருந்த விஷயம். அந்த ஜூலை மாதத்தில் அமெரிக்க அரசு அந்தப் பல்கலைக்கழகத்தில் மனிதர்களை வைத்து அரசு நிதியில் நடந்த ஆராய்ச்சிகளைச் சில நாட்கள் நிறுத்தியே வைத்தது. இந்தக் களஞ்சியம் எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது, அதற்கு முன்னால் உள்ளதை எங்கே பார்க்க வேண்டும் என்பது ஒரு நல்ல மருத்துவ நூலகருக்கு அரிச்சுவடி. பால்டிமோர் சம்பவத்துக்குப் பிறகு, மனிதர்களிடம் சோதனை செய்யும் முன் இலக்கியத் தேடலில் நூலகர் இருந்தே ஆக வேண்டும் என்ற பேச்சு மருத்துவ உலகில் பலமாக எழுந்தது. (பழைய கட்டுரைகளின் விவரங்கள் பிற்பாடு பப்மெட்டில் சேர்க்கப்பட்டன. 1940கள் வரை இப்போது போக முடியும்.)

இந்த 1966 கணக்கை வைத்து நம் ஊரைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சென்னையில் நடந்து உலகத்தையே மாற்றிய ஒரு மருத்துவ ஆராய்ச்சி உண்டு. அதுவும் நுரையீரல் விஷயம்தான்.

ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்பதே முறை. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். படுக்கை, ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைக்கு எங்கே போவது? 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் பாதிப் பேரை வீட்டுக்கும் அனுப்பினார்கள். வீடு என்றால் நெருக்கடியான, ஏழைகளின் வீடு. மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இந்த முடிவு வந்தது. சானடோரியங்களின் காலம் முடிய இது ஒரு முக்கியக் காரணம். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

1959! அதாவது, 2001இல் பால்டிமோரில் உட்கார்ந்து பப்மெட்டில் மட்டும் தேடிய ஒருவருக்கு, ஹெக்ஸாமெத்தோனியம் கட்டுரைகள் எந்த இருட்டில் கிடந்தனவோ, நம் சென்னை ஆராய்ச்சியும் அதே இருட்டில்தான் கிடந்திருக்கும்.

நுரையீரலும் காசநோயும் சென்னையும் என்று வந்துவிட்டதால் இன்னொருவரையும் சொல்லாமல் போக முடியாது. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். முதலில் அவருக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை, திரும்பக் கணக்குப் பாடத்துக்கே போய்விடலாம் என்று பார்த்தார் என்பார்கள். போயிருந்தால் இந்திய நூலகத் துறைக்கு நஷ்டம். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். 1933இல் கோலன் பகுப்பு முறை என்ற வகைப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். நூலகத் துறை மாணவர்கள் உலகம் முழுக்க அவர் பெயரைப் படிக்கிறார்கள். நம்மில் பலர் கணித மேதை ராமானுஜத்தோடு குழப்பிக்கொள்கிறோம்.

அவருடைய பகுப்பு முறைக்குப் பாடப் புத்தகங்களில் கொடுக்கும் உதாரணம் என்ன தெரியுமா? 1950இல் இந்தியாவில், நுரையீரல் காசநோயை எக்ஸ்ரே மூலம் குணப்படுத்துவது பற்றி நடந்த ஆராய்ச்சி. இதை ஒரே எண்ணாக எழுதிவிடலாம். எல் என்றால் மருத்துவம். 45 என்றால் நுரையீரல். 421 காசநோய். 6 சிகிச்சை. 253 எக்ஸ்ரே. எஃப் ஆராய்ச்சி. 44 இந்தியா. என்5 என்றால் 1950. எட்டுத் துண்டுகளைக் கோர்த்தால் ஒரு முகவரி. ஒரு தபால்காரர் மாவட்டம், ஊர், தெரு, கதவு எண் என்று போவதைப் போல நேராகப் போய் அந்தப் புத்தகத்தை எடுக்கலாம். கேள்வியைத் துண்டு துண்டாகப் பிரிப்பதுதான் இதன் சூட்சுமம். எந்த உறுப்பு? என்ன நோய்? என்ன செய்கிறோம்? எதைக் கொண்டு? எங்கே? எப்போது? இன்றைக்கும் மருத்துவ நூலகர்கள் டாக்டரின் கேள்வியை இப்படித்தான் பிரிக்கிறார்கள். யார் நோயாளி, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிடுகிறோம், என்ன பலன் எதிர்பார்க்கிறோம் என்று நான்காகப் பிரித்துவிட்டுத்தான் தேடவே உட்காருவார்கள். ரங்கநாதனின் நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர்தான் வாசகர் என்றால் அந்த விதிக்கு எவ்வளவு கனம் கூடுகிறது!

அமெரிக்காவில் ஒருவர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனார். 1971இல் கான்சாஸ் சிட்டியில் கெர்ட்ரூட் லாம்ப் என்ற பெண்மணி, நூலகரை நூலகத்தில் உட்கார வைக்காமல் வார்டுக்கே அனுப்பினார். காலையில் பெரிய டாக்டர், சின்ன டாக்டர்கள், நர்ஸ்கள் எல்லாம் ரவுண்ட்ஸ் போவார்கள் இல்லையா, அந்தக் கூட்டத்தில் நூலகரும் ஒருவர். படுக்கைக்குப் படுக்கை என்ன பேசுகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்று கேட்டுக்கொள்வார். பிறகு போய்த் தேடி, பொருத்தமான இரண்டு மூன்று கட்டுரைகளைக் கொண்டுவந்து கொடுப்பார். கேஸ் ஷீட்டோடேயே கட்டுரையை இணைத்து வைக்கும் பழக்கமும் சில மருத்துவமனைகளில் இருந்தது.

இதனால் உண்மையில் பயன் உண்டா, அல்லது கேட்க நன்றாக இருக்கிறது என்பதோடு சரியா? ஜோன் மார்ஷல் என்பவர் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பகுதியில் 15 மருத்துவமனைகளில் கேட்டுப் பார்த்து 1992இல் எழுதினார். நூலகரிடம் ஒரு நோயாளியைப் பற்றிய தகவல் கேட்டுப் பெற்ற 208 டாக்டர்கள் பதில் சொன்னார்கள். பத்தில் எட்டுப் பேர், அந்தத் தகவலால் நோயாளியைக் கவனிப்பதில் ஏதாவது ஒன்றை மாற்றியிருப்போம் அல்லது மாற்றினோம் என்றார்கள். 29 சதவீதம் பேர் நோய் இன்னதென்ற முடிவையே மாற்றினார்கள். 45 சதவீதம் பேர் மருந்தை மாற்றினார்கள். 19 சதவீதம் பேர், ஓர் உயிரிழப்பைத் தவிர்க்க உதவியது என்றார்கள். டாக்டர்கள் தாங்களே சொன்ன கணக்கு இது, எனவே கொஞ்சம் கழித்துக்கொண்டே பார்க்கலாம். பாதியாகக் கழித்தாலும் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இங்கேதான் வணிகவியல் படிப்பவர்களுக்குப் புரியக்கூடிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்கேன் மெஷின் வாங்கினால் தலைக்கு இவ்வளவு என்று பில் போடலாம், எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று கணக்குப் பார்க்கலாம். நூலகர் தேடிக் கொடுத்த கட்டுரைக்கு பில் கிடையாது. அவர் சம்பளம் செலவுப் பக்கத்தில் மட்டும் நிற்கிறது. தவறான மருந்து கொடுக்காமல் விட்டதால் வராமல் போன நஷ்டத்தை எந்த லெட்ஜரில் எழுதுவது? நடக்காத ஒன்றுக்கு வவுச்சர் கிடையாது. அதனால் நிர்வாகத்தில் யாராவது செலவைக் குறைக்க உட்கார்ந்தால் கண்ணில் முதலில் படுவது இந்த அறைதான். பிரிட்டனின் அரசு சுகாதாரத் துறையில் இதற்கு ஒரு அளவே வைத்திருக்கிறார்கள். 1,250 ஊழியர்களுக்குக் குறைந்தது ஒரு தகுதியான நூலகராவது இருக்க வேண்டும் என்பது 2020இல் இங்கிலாந்தில் வந்த பரிந்துரை. பரிந்துரைதான், இருந்தாலும் ஒரு எண் இருந்தால் அதைக் காட்டிக் கேட்கவாவது முடியும்.

நம் ஊரில் மருத்துவக் கல்லூரி என்றால் நூலகம் கட்டாயம். கல்லூரிக்கு அனுமதி கொடுக்கும் அமைப்பு ஆய்வுக்கு வரும்போது புத்தகங்களை எண்ணும், நாற்காலிகளை எண்ணும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாட் நினைவு நூலகம் போலப் பெயர் பெற்றவையும் உண்டு. ஆனால் பெரும்பாலான இடங்களில் நூலகரின் நாள் எப்படிப் போகிறது? இருப்புப் பதிவேடு, தாமதக் கட்டணம், படிப்பை முடித்துப் போகிறவர்களுக்கு நோ டியூ சான்றிதழ், பரீட்சை நேரத்தில் மாணவர் கூட்டம். படித்து வந்ததோ முதுகலை நூலக அறிவியல். வார்டு பக்கம் போவதற்கு யாரும் அவரை அழைப்பதில்லை, போனாலும் "சார் இங்கே எதுக்கு?" என்றுதான் பார்ப்பார்கள். கல்லூரி இல்லாத மருத்துவமனையில் அந்த அறையும் இல்லை, அவரும் இல்லை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் மெயின் ரோட்டில் வரிசையாக நிற்கும் நர்சிங் ஹோம்களில் மருந்துக் கடை, கேன்டீன், பிள்ளையார் எல்லாம் உண்டு. நூலகத்தை எதிர்பார்த்து யாரும் போவதில்லை.

கதவுகள் திறக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், காக்ரேன் நூலகத்துக்கு நாட்டுக்கே சேர்த்துச் சந்தா கட்டியது. சிகிச்சைகள் உண்மையில் பலன் தருகின்றனவா என்று எல்லா ஆராய்ச்சிகளையும் சேர்த்து அலசிச் சொல்லும் தொகுப்பு அது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய், சுமார் 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு கட்டுரையைப் படிக்கவே முப்பது நாற்பது டாலர் கேட்கும் உலகத்தில் இது பெரிய காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் 6,000 கோடிக்குப் பண்டம் வாங்கிக் கிடங்கில் வைத்துவிட்டு, எடுத்துக் கொடுக்க ஆள் போடாவிட்டால் அது என்ன வியாபாரம்?

இவ்வளவும் டாக்டர்களுக்கு. நோயாளிக்கு?

மும்பையில் 1997இல் மல்பானி என்ற டாக்டர் தம்பதியர் மக்களுக்கென்றே ஒரு இலவச மருத்துவ நூலகம் தொடங்கினார்கள். தன் நோயைப் பற்றித் தானே வந்து படித்துத் தெரிந்துகொள்ளலாம். முதல் உலகப் போரின்போது லண்டன் எண்டல் தெரு ராணுவ மருத்துவமனையில், பெண் மருத்துவர்களே நடத்திய மருத்துவமனை அது, பியாட்ரிஸ் ஹாரடன் என்ற நாவலாசிரியை காயம்பட்ட வீரர்களுக்காக நூலகம் நடத்தினார். நம் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798-1832) சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்ததோடு தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தையும் வைத்திருந்தார். சோதித்துப் பார்த்த வைத்திய முறைகளை எழுதி வைக்கச் செய்தார். அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்று பிற்காலத்தில் அச்சில் வந்தன. கண் நோயாளிகளின் கண்களை ஓவியமாக வரைந்த சிகிச்சைக் குறிப்புகள்கூட இருக்கின்றன. இருநூறு வருடத்துக்கு முன் தமிழ்நாட்டில் நூலகமும் மருத்துவமனையும் ஒரே குடையின் கீழ் இருந்திருக்கின்றன. 2011 நவம்பரில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அன்றைய அரசு அறிவித்ததும், உயர்நீதிமன்றம் தடை கொடுத்ததும் நினைவிருக்கலாம். அப்போது டீக்கடைப் பேச்செல்லாம் நூலகமா, மருத்துவமனையா என்றுதான் இருந்தது. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தால் என்ன என்று கேட்டவர்கள் குறைவு!

தமிழில் மருத்துவம் எழுத முடியாது என்பதும் சாக்குதான். யாழ்ப்பாணம் மானிப்பாயில் அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிரீன் 1848இலேயே மருத்துவ வகுப்பு தொடங்கி, பிறகு தமிழிலேயே கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். பாஸ்டனிலிருந்தோ எங்கிருந்தோ வந்தவருக்கு முடிந்தது.

இன்று நோயாளியின் மகனோ மகளோ கைப்பேசியில் கேட்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு தமிழிலேயே பதில் சொல்கிறது, அழகாகவும் சொல்கிறது. ஆனால் எங்கேயிருந்து எடுத்தாய் என்று கேட்டால் சில சமயம் இல்லாத கட்டுரைக்கு இல்லாத ஆசிரியர் பெயரைப் போட்டுக் கொடுக்கிறது. 2001இல் இருந்ததைக் கம்ப்யூட்டர் இல்லை என்றது, இப்போது இல்லாததை இருக்கிறது என்கிறது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து சரிபார்க்கிற ஆள்தான் வேண்டும். அதற்குப் பெரிய கட்டடம் தேவைப்படாது. புறநோயாளிகள் பிரிவில் மருந்துச் சீட்டு கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர். நூலகர் கேள்வியைக் கேட்டுக்கொள்வார், தேடுவார், கிடைத்ததை எளிய தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதுவார், டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஒரு தடவை எழுதியது அடுத்து வரும் நூறு பேருக்கும் ஆகும். சிகிச்சை சொல்வது டாக்டரின் வேலை, அதில் அவர் தலையிட மாட்டார்.

திருநின்றவூரிலிருந்து அரக்கோணம் பக்கம் போகும் ரயிலில் வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் தாண்டினால் திருவள்ளூர். அங்கே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், அந்த ஒரே நாளில் தமிழ்நாட்டில் திறந்த பதினொன்றில் ஒன்று. எதிர்ப்பக்கம் போனால் பெரம்பூர். 1975இல் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் ஆபரேஷனைச் செய்த ரயில்வே மருத்துவமனை அங்கே இருக்கிறது. இரண்டு பக்கமும் மருத்துவமனை, நடுவில் இதயத்துக்கு ஒரு கோயில்.

அந்த முருங்கைக் கீரை விஷயம் பாதியில் நிற்கிறது. கீரையில் வைட்டமின் கே இருக்கிறது, அது அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதற்காக அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருப்பதுதான் தொல்லை, ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். எப்போதும் சாப்பிடுகிற அளவை மாற்றாமல் சாப்பிட வேண்டும். மாற்றப் போவதாக இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நாட்டு மருந்தோ வலி மாத்திரையோ கேட்காமல் சேர்க்கக் கூடாது. தமிழில் எழுதினால் அரைப் பக்கம்கூட வராது.